தொள்ளாயிரம் காற்று

அத்தியாயம் 9

“கையெழுத்தா? இந்தக் கை போடாது!”

டீபெனே அந்தக் காகிதத்தை இரண்டாய் மடித்தார், நாலாய் மடித்தார், குனிந்து மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். அதுவரை தடக் தடக்கென்று ஆடிக்கொண்டிருந்த மேஜை கப்பென்று நின்றது.

“இந்தக் காகிதத்தால ஆன ஒரே நல்ல காரியம் இதுதான்” என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதிரே முதலாளி டன்லீவி உட்கார்ந்திருந்ததால் ஒரு வாய் டீயை ஊற்றி அதை உள்ளே தள்ளினேன்.

என் பெயர் செமிசி. முன்பு போலீஸின் வேகக் கேமரா வேனில் உட்கார்ந்து, ஊரே வாய் நிறையத் திட்ட, வயிறு வளர்த்தவன். அந்த வேலை போன பிறகு துப்பறியும் ஐவி தமிஹானாவுக்கு ஓட்டுநர், எடுபிடி, அவர் பேசாத நேரத்தில் பேசுகிற வாய். எனக்கு அவர் ஆன்ட்டி. இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு அவர் ஆன்ட்டிதான். மீதிப் பாதி அவரிடம் மாட்டிக்கொண்டவர்கள்.

டன்லீவி பெருமூச்சு விட்டார். நல்ல வெயில் காலம் இன்னும் முடியவில்லை, மனிதர் கழுத்தில் கம்பளி மப்ளர் சுற்றியிருந்தார்.

“டீபெனே, நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கையெழுத்துப் போட்டா வேலை மட்டும்தான் போகும். போடலைன்னா சங்கம் போலீசுக்குப் போகும். இந்த வீட்டையும் காலி பண்ணணும். ரெண்டு மணிக்குக் கூட்டம். யோசி.”

“யோசிச்சாச்சு. போடமாட்டேன்.”

“உன் கவனக்குறைவுன்னு ஒரு வரி. அவ்வளவுதானே?”

“அந்த ஒரு வரிதான்யா பொய்!” டீபெனே மேஜையைக் குத்தினார். மேஜை அசையவில்லை. “நான் இந்தச் சூளையில எத்தனை பூவை உலர்த்தியிருக்கேன். ஒண்ணு, ஒரே ஒரு பொதி புழுங்கியிருக்கா? இப்ப திடீர்னு எனக்குக் கை மறந்துபோச்சாக்கும்!”

சண்டை இதுதான். மோட்டுவெகா பள்ளத்தாக்கில் பாதிக் குடும்பங்களுக்கு ஹாப்ஸ்தான் சோறு போடுகிறது; பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற அந்தப் பச்சைப் பூ. பறித்த பூவைச் சூளையின் சல்லடைத் தரையில் இடுப்புயரம் பரப்பி, அடியிலிருந்து சூடான காற்றை ஊதி உலர்த்தி, பொதியாகக் கட்டுவார்கள். ஈரம் சிக்கிய பூவைப் பொதி கட்டினால் அது உள்ளுக்குள்ளேயே புழுங்கிச் சூடேறி, ஒரு நாள் தானாகவே பற்றிக்கொள்ளும். போன வாரம் டன்லீவியின் கிடங்கு அப்படித்தான் எரிந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் பொதிகளும் அதற்குள்தான் இருந்தன. ஒரு பருவத்து உழைப்பு மொத்தமும் புகையாய்ப் போனது. சூளையைப் பார்த்துக்கொண்டவர் டீபெனே. பழி அவர் தலையில் விழுந்துவிட்டது.

அதை உறுதிப்படுத்த எங்களைக் கூலிக்கு அழைத்தவர் டன்லீவியேதான். “வெளியாள் விசாரிச்சுச் சொன்னா யாரும் குறை சொல்லமாட்டாங்க” என்றார். இன்று நடக்கும் கூட்டத்தில் தோட்டக்காரர் சங்கத்துக்குத் தலைவராகப் போகிறவர் அவர். நியாயஸ்தன் என்ற பெயர் வேண்டாமா?

ஆன்ட்டி அதுவரை ஒரு ஃபீஜோவாப் பழத்தைப் பாதியாக வெட்டி, தேக்கரண்டியால் சுரண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மிஸ்டர் டன்லீவி, இவர் என்ன தப்பு பண்ணினார்னு நீங்க சொல்லுங்க. சுருக்கமா.”

“காத்து பத்தலை, மேடம். புதுச் சூளை செஞ்ச கம்பெனி ஆளு ஊடோ ஜெர்மனியில இருந்து வந்தப்போ, எங்க எல்லார் முன்னாடியும் சொன்னான்: இந்தப் பூவுக்குச் சதுர மீட்டருக்குத் தொள்ளாயிரம் காத்து வேணும்னு. சூளையில முள்ளு எங்க நிக்குதுன்னு போய்ப் பாருங்க. இருநூத்தி அம்பது! மூணுல ஒரு பங்குகூட இல்லை. அப்புறம் ஈரம் எப்படிப் போகும்?”

“ஊடோதான் காத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்தத் திருகை இருநூத்தி அம்பதுல வச்சுட்டுப் போனான்” என்றார் டீபெனே. “அன்னைலருந்து நான் அதைத் தொடலை.”

“அவன் தொள்ளாயிரம்னு சொன்னதை ஊரே கேட்டுச்சே!”

டீபெனே தலை குனியவே இல்லை.

ஆன்ட்டி பழத்தோலைத் தட்டில் கவிழ்த்துவிட்டு எழுந்தார். “சூளையைப் பார்க்கலாம். நீங்களும் வாங்க, மிஸ்டர் டன்லீவி.”

“நானா?” அவர் மப்ளரை இன்னும் இறுக்கினார். “எனக்கு ஹாப்ஸ் தூசி ஆகாது மேடம். உடம்பெல்லாம் தடிச்சுப்போகும். இந்தப் பருவம் முழுக்க நான் சூளைப் பக்கமே போகலை. எல்லாருக்கும் தெரியும்.”

“அப்ப முள்ளு எங்க நிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று நான் கேட்டேன். சும்மா இருக்கிற வாயா இது?

“தீப்பிடிச்ச அன்னைக்குச் சங்கத்து ஆளுங்க போய்ப் பார்த்தாங்கப்பா” என்று என்னை ஒரு பூச்சியைப் போல் பார்த்தார்.

*

முற்றத்தில் அடுத்த தோட்டத்துக்காரி பேர்ல் ஆட்வே எதிரே வந்தாள். கிடங்கில் அதிகம் இழந்தது அவள்தான். டீபெனேயைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவர் வேண்டுமென்றே உரக்க, “காலை வணக்கம், பேர்ல்!” என்றார். அவள் திரும்பாமலே நடந்தாள். “பரவாயில்லை. நாளைக்கும் சொல்வேன்” என்றார் எங்களிடம்.

சூளையின் மேல்தளத்தில் பருவத்தின் கடைசிப் பூப்படுக்கை பச்சையாய் விரிந்து கிடந்தது. விசிறி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் பலகை, அதில் ஒரு திருகு, ஒரு முள். இருநூற்றைம்பது. அடியில் சின்ன எழுத்தில் அளவு எழுதியிருந்தது: நொடிக்கு இத்தனை லிட்டர், ஒரு சதுர மீட்டருக்கு.

“ஈரம் சிக்கின அந்தப் படுக்கை... அதை உலர்த்தின அன்னைக்கு நீ நாள் முழுக்க இங்கதான் இருந்தியா?” என்று ஆன்ட்டி கேட்டார்.

“இல்லை. பெரியப்பா மகன் சாவு. மதியம் போய்ட்டு சாயங்காலம்தான் வந்தேன். பறிக்கிற ஆளுங்கள்ல முக்கால்வாசி நம்ம சொந்தம், எல்லாரும் அங்கதான். தோட்டமே காலி. டன்லீவி வீட்டுல இருந்தான். ஊடோ இன்னும் ஊருக்குத் திரும்பலை, அந்தப் பக்கக் கொட்டகையில பறிப்பு மெஷினைப் பிரிச்சுப் போட்டுட்டு இருந்தான்.”

“வந்து பார்த்தப்ப?”

“படுக்கை கண்ணாடி மாதிரி மட்டமா இருந்துச்சு. அங்கங்க தோள்வரைக்கும் கையை விட்டுப் பார்த்தேன். பூவோட நடுத்தண்டை ஒடிச்சா டப்புனு ஒடியணும். ஒடிஞ்சுது. பொதி கட்டினேன்.” படுக்கையை ஒருமுறை தடவினார். “ஆனா ஒண்ணு. நான் வாரிவிட்டா அவ்வளவு மட்டமா இருக்காது.”

“இதை ஏன் சங்கத்து ஆளுங்ககிட்ட சொல்லலை?”

“சொன்னேனே! ‘படுக்கை ரொம்ப அழகா இருந்துச்சாம், அதனால இவன் நிரபராதியாம்’னு சிரிச்சானுங்க.”

ஆன்ட்டி சிரிக்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஈரக்காற்று வெளியேற உச்சியில் ஒரு கூம்பு. அதற்குக் கீழே குறுக்குக் கட்டை. கட்டையில் தகைவிலான் குருவியின் மண்கூடு.

“செமிசி.”

“வேண்டாம் ஆன்ட்டி.”

“நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே.”

“நீங்க மேல பார்த்தா நான் மேல ஏறணும்னு அர்த்தம். எனக்குப் பொண்டாட்டி இருக்கா.”

“அவகிட்ட நான் பேசிக்கிறேன். ஏறு.”

ஏறினேன். ஏணி என் எடைக்கு முனகியது. கூட்டில் குருவி இல்லை. மண்விளிம்பில், சிலந்தி வலையில், கட்டையின் மேல்பக்கத்தில் எல்லாம் காய்ந்த ஹாப்ஸ் பூக்கள் ஒட்டிக்கிடந்தன. முழுப் பூக்கள். கட்டையைத் தடவினேன், விரலெல்லாம் மஞ்சள் பிசுக்கு.

“இங்க ஒரு படுக்கையே விரிச்சிருக்கு ஆன்ட்டி! குருவி பீர் காய்ச்சுது போல!”

கீழே டீபெனேயின் முகம் மாறிவிட்டது. “அது எப்படி அங்க போச்சு? இந்தக் காத்துல ஒரு இதழ்கூட எழும்பாதே!”

“எழும்பாதுதான்” என்றார் ஆன்ட்டி. “யாரோ ஒருநாள் எழுப்பியிருக்காங்க. நிறைய எழுப்பியிருக்காங்க. படுக்கை அங்கங்க பொத்துக்கிட்டா காத்து மொத்தமும் அந்த ஓட்டை வழியாவே ஓடிடும். மிச்சப் பூவு ஈரமாவே நிக்கும். அப்புறம் பயந்துபோய் எல்லாத்தையும் கலந்து மட்டமா வாரிவிட்டா?”

“காய்ஞ்சதும் ஈரமும் கலந்துபோகும்” என்றார் டீபெனே மெதுவாக. “நான் கையை விட்ட இடமெல்லாம் காய்ஞ்சதா இருந்திருக்கும்.” அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தார். “எந்தப் பயல் என் சூளையில கை வச்சான்?”

*

ஊடோ பறிப்பு மெஷினுக்கு அடியில் கிடந்தான். காலைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கொண்டுவந்தேன். நெட்டையான, எண்ணெய் அப்பிய, எதற்கும் நேராகப் பதில் சொல்கிற ஆள்.

“நீங்க தொள்ளாயிரம்னு சொன்னீங்களா?”

“ஆமா. சொன்னேன். எங்க ஊர்ல எல்லாச் சூளையிலயும் அதுதான்.”

“இருநூத்தி அம்பதுல வச்சது யாரு?”

“நான்தான்.”

நான் துள்ளிக் குதித்தேன். “பாத்தீங்களா ஆன்ட்டி! ஒரே வாயால தொள்ளாயிரம்கிறான், ஒரே கையால இருநூத்தி அம்பது வைக்கிறான்! அன்னைக்குத் தோட்டத்துல இருந்ததும் இவன்தான். இன்னும் என்ன வேணும்? கைவிலங்கு வேன்ல இருக்கு.”

“என்ன தப்பு?” என்றான் ஊடோ புரியாமல். “ரெண்டும் ஒண்ணுதானே?”

“கேட்டீங்களா! ரெண்டும் ஒண்ணாம்! உன் சம்பளத்துல தொள்ளாயிரத்துக்குப் பதிலா இருநூத்தி அம்பது குடுத்தா வாங்கிக்குவியா?”

ஆன்ட்டி என் சட்டைக் காலரைப் பிடித்து ஒரு கூடையின் மேல் உட்காரவைத்தார். “தொள்ளாயிரம் என்ன, ஊடோ? மாம்பழமா, மூட்டையா?”

“கன மீட்டர். ஒரு மணி நேரத்துக்கு. ஒரு சதுர மீட்டர் தரைக்கு.”

“நம்ம ஊர்ல காத்தை எப்படி அளப்போம், செமிசி?”

“நொடிக்கு லிட்டர். ஆஸ்பத்திரி, ஆப்பிள் கிடங்கு, எங்க வீட்டுச் சமையலறை விசிறி, எல்லாம் அதுதான்.”

“சரி. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துல ஒரு தட்டு. அதுல ஒரு லிட்டர் தண்ணி ஊத்துறே. எவ்வளவு உயரம் நிக்கும்?”

யோசித்தேன். “ஒரு மில்லிமீட்டர்.”

“நொடிக்கு இருநூத்தி அம்பது லிட்டர் காத்து அதே இடத்துல ஏறினா?”

“நொடிக்கு இருநூத்தி அம்பது மில்லிமீட்டர் ஏறும். கால் மீட்டர்.”

“இப்ப அதே தட்டுல தொள்ளாயிரம் கன மீட்டர்.”

“தொள்ளாயிரம் மீட்டர் உயரம் நிக்கும். அது ஒரு மணி நேரத்துக்கு. அதாவது மணிக்கு தொள்ளாயிரம் மீட்டர்... இருங்க, இருங்க!” நான் எழுந்துவிட்டேன். “இது வேகம் ஆன்ட்டி! வெறும் வேகம்! மணிக்கு பாயிண்ட் ஒன்பது கிலோமீட்டர். வேன்ல தினமும் இந்தக் கணக்குதானே போட்டுக்கிட்டு இருந்தேன். மூணு பாயிண்ட் ஆறால வகுத்தா நொடிக்கு மீட்டர். வகுத்தா...” விரலை மடக்கினேன். “கால் மீட்டர். அடப்பாவி! ரெண்டும் ஒண்ணுதான்!”

“அதைத்தான் நான் முதல்லயே சொன்னேன்” என்றான் ஊடோ.

எனக்கு டீபெனேயின் மேஜைதான் ஞாபகம் வந்தது. பள்ளத்தாக்கு முழுக்க ஒரு மனிதனைக் குற்றவாளி என்கிறது, அவனோ அளவு பிசகாமல் சரியான காற்றைக் கொடுத்திருக்கிறான்.

“அப்ப அந்தத் திருகை நிஜமாவே தொள்ளாயிரத்துக்குத் திருப்பினா என்ன ஆகும், ஊடோ?” ஆன்ட்டி கேட்டார்.

ஊடோ முகத்தைச் சுளித்தான். “நொடிக்குத் தொள்ளாயிரம் லிட்டரா? அது மூவாயிரத்து இருநூத்தி நாப்பது கன மீட்டர். யாரும் பண்ணமாட்டாங்க. பூவெல்லாம் கூரைக்குப் போயிடும். ஆனா இந்த விசிறியால முடியும். ‘பெருசா குடு’ன்னு டன்லீவிதான் அடம்பிடிச்சு வாங்கினார்.”

வெளியே வந்ததும் நான் ஆன்ட்டியின் காதைக் கடித்தேன். “இவன்தான். சத்தியமா இவன்தான். தொள்ளாயிரம்ங்கிற நம்பர் இவன் வாயிலதான் இருக்கு. ஏதோ ஞாபகத்துல அவங்க ஊர் கணக்குல திருப்பிட்டு, இப்ப அப்பாவி மாதிரி நடிக்கிறான்.”

“இருக்கலாம்” என்றார் ஆன்ட்டி. அவர் ‘இருக்கலாம்’ என்றால் ‘நீ ஒரு மடையன்’ என்று அர்த்தம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

*

கூட்டத்தை ஆன்ட்டி சூளையின் மேல்தளத்திலேயே வைக்கச் சொன்னார். தோட்டக்காரர்கள் தொப்பியும் கடுகடுத்த முகமுமாய்ப் படுக்கையைச் சுற்றி நின்றார்கள். டன்லீவி படியிலேயே தயங்கினார்.

“தலைவராகப் போறவரு வெளியில நின்னா நல்லாவா இருக்கு? வாய்யா!” என்று பேர்ல் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மப்ளரைச் சரிசெய்துகொண்டு கதவோரமாக நின்றார். இருநூற்றைம்பதில் விசிறி சாதுவாய் ஓடியது. அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

ஆன்ட்டி தொண்டையைக் கனைத்தார். “விசாரணை முடிஞ்சுது. மிஸ்டர் டன்லீவி சொன்னது சரி. ஊடோ சொன்னது தொள்ளாயிரம். டீபெனே குடுத்தது இருநூத்தி அம்பது.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டீபெனே ஆன்ட்டியைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

“அப்பவே சொன்னேனே!” என்றார் டன்லீவி. “தொள்ளாயிரம் குடுத்திருந்தா நம்ம கிடங்கு இன்னைக்கு நின்னுக்கிட்டு இருக்கும்.”

“ஆமா! ஆமா!” என்று கூட்டம் உறுமியது.

“அப்ப எல்லாரும் கண்ணால பார்த்துடுங்க. டீபெனே, திருகைத் தொள்ளாயிரத்துக்குத் திருப்பு.”

“அவ்வளவு காத்து நான் எப்பவும் குடுத்ததில்லை.”

“திருப்பு.”

டீபெனே திருகில் கையை வைத்தார். “என்னை முட்டாளாக்கினே, ஐவி, அடுத்த படுக்கையில உன்னைத்தான் உலர்த்துவேன்.” திருப்பினார்.

“வேண்டாம்! நிறுத்து!” என்று ஊடோ அலறினான்.

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். ஒரே பாய்ச்சல். ஊடோவை இடுப்போடு கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்தேன். “மாட்டினியா! உனக்கு எப்படித் தெரியும் என்ன ஆகும்னு? சொல்லு! எப்படித் தெரியும்?”

“கணக்கு போட்டா தெரியும்!” என்று அவன் என் கைக்குள் மூச்சுத் திணறினான். “நீயும்தானே போட்டே!”

நான் ஆன்ட்டியை வெற்றியோடு பார்த்தேன். ஆன்ட்டி எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய விசிறி வேகம் பிடிக்க நேரமாகும். அதன் சத்தம் இன்னும் ஏறக்கூட இல்லை. தோட்டக்காரர்கள் எல்லோரும் ஆவலாகப் படுக்கையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் மப்ளரை மூக்குக்கு மேலே இழுத்து, தொப்பியைக் கண்வரை அழுத்தி, படுக்கைக்கு முதுகு காட்டி, கதவைத் தாண்டி ஒரு காலை வெளியே வைத்துவிட்டார்.

டன்லீவி.

அடுத்த நொடி சூளை பொங்கியது. படுக்கை அங்கங்கே வெடித்து, பூக்கள் கூரைக்குப் பறந்தன. மஞ்சள் தூள் சடசடவென்று தொப்பிகளிலும் தோள்களிலும் பேர்லின் திறந்த வாயிலும் கொட்டியது. ஆளாளுக்கு இருமினார்கள், கத்தினார்கள். நான் ஊடோவின் மேல் படுத்தபடியே பூவால் மூடப்பட்டேன்.

“போதும்!” என்றார் ஆன்ட்டி. டீபெனே திருகை இறக்கினார். பூமழை மெல்ல நின்றது.

“மிஸ்டர் டன்லீவி, எங்க கிளம்பிட்டீங்க?”

“நான்... எனக்குத் தூசி ஆகாதுன்னு சொன்னேனே!”

“அப்ப தூசியே வரலையே. இதோ இத்தனை பேர் எட்டிப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. ஏன்னா தொள்ளாயிரம்தான் சரியான காத்துன்னு நீங்க சொன்னதை அவங்க நம்பினாங்க. நீங்க மட்டும் நம்பலை. ஊடோவுக்குக் கணக்கு தெரியும், கத்தினான். உங்களுக்குக் கணக்கு தெரியாது. தெரிஞ்சிருந்தா ரெண்டும் ஒண்ணுன்னு தெரிஞ்சிருக்கும். அப்புறம் எப்படி முன்னாடியே ஓடினீங்க?”

டன்லீவி மப்ளரைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்தார்.

“ஏற்கெனவே ஒரு தடவை இந்த மழையில நனைஞ்சிருக்கீங்க” என்றார் ஆன்ட்டி. “மப்ளரைக் கழட்டுங்க.”

“முடியாது!”

பேர்ல்தான் கழற்றினாள். ஒரே இழுப்பு. கழுத்திலிருந்து காது வரை செக்கச்செவேலென்று தடிப்பு. ஆறிக்கொண்டிருந்த பழைய தடிப்பு.

ஊடோவை விட்டு நான் எழுந்தேன். அவன் சட்டையிலிருந்த பூவைத் தட்டிவிட்டேன். வேறு என்ன செய்ய?

ஆன்ட்டி கூட்டத்துக்குக் கணக்கைச் சொன்னார். தட்டு, லிட்டர், மில்லிமீட்டர், எல்லாம். பிறகு என் பக்கம் திரும்பினார். “செமிசி, நீ ஊடோன்னு நினைச்சே. ஆனா இந்தத் தப்பை ஊடோவால பண்ணவே முடியாது. அவனுக்குத் தொள்ளாயிரம்னா மணிக்குக் கன மீட்டர். அதை மாத்தி இருநூத்தி அம்பதுல வச்சதே அவன்தான். தொள்ளாயிரம்னு காதுல விழுந்ததும் லிட்டர்தான்னு நினைச்சுக் கேள்வி கேக்காம திருப்புறது யாரு? பிறந்ததுல இருந்து நொடிக்கு லிட்டர்லயே வளர்ந்த ஆளு. நம்ம ஊர்க்காரன்தான். டீபெனே சாவுக்குப் போயிருந்த மதியம், வேலை தாமதமாகுதேன்னு உள்ள வந்தீங்க, மிஸ்டர் டன்லீவி. இருநூத்தி அம்பதைப் பார்த்ததும் ‘சோம்பேறிப் பய’ன்னு தோணியிருக்கும். திருப்பினீங்க. பூ பறந்துச்சு. பயந்துபோய்த் திருகைப் பழையபடி வச்சு, படுக்கையை அழகா வாரிவிட்டுப் போய்ட்டீங்க. ரொம்ப அழகா.”

டன்லீவி சுவரில் சாய்ந்தார். “நான் நல்லது பண்ணணும்னுதான்... தெரியாம நடந்துபோச்சு. யார் வேணா இந்தத் தப்பைப் பண்ணியிருப்பாங்க!”

பேர்ல் முகத்திலிருந்த மஞ்சளைத் துடைத்தாள். “நான்கூடப் பண்ணியிருப்பேன்” என்றாள். “தொள்ளாயிரத்துக்கு நானே திருப்பியிருப்பேன். ஆனா சாவு வீட்டுல நின்னவன் தலையில அதைக் கட்டியிருக்கமாட்டேன். அவன் பொதி கட்டினப்போ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பருவம் எரிஞ்சிருக்காதே, பாவி!”

டீபெனே என்னைப் பார்த்தார். “செமிசி, என் வீட்டுல மேஜைக்கு அடியில ஒண்ணு இருக்கு. கொண்டா.”

ஓடிப்போய்க் குட்டைக் காலுக்கு அடியிலிருந்து காகிதத்தை உருவினேன். மேஜை மறுபடி தடக்கென்று ஆடியது. கொண்டுவந்து கொடுத்தேன். டீபெனே மடிப்பைப் பிரித்தார், தன் பெயரைப் பட்டையாகக் கோடு போட்டு அடித்தார், பேனாவோடு டன்லீவியிடம் நீட்டினார்.

“உன் கவனக்குறைவுன்னு ஒரு வரி. அவ்வளவுதானே?”

டன்லீவி சுற்றிலும் பார்த்தார். மஞ்சள் தொப்பிகள் நாலு பக்கமும் நின்றன. பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டார்.

தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக டீபெனேயிடம் நெருங்கினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். இன்னொருவர், “டீபெனே, நாங்க உன்னை...” என்று ஆரம்பித்தார்.

“அதெல்லாம் அப்புறம்” என்று அவர் வெட்டினார். “என் கடைசிப் படுக்கையை மாட்டுத்தொழுவமாக்கி வச்சிருக்கீங்க. மூலையில பூ வாருற வாரிக்கட்டை இருக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுங்க. பேர்ல், நீ அந்தப் பக்கம். மட்டமா வேண்டாம், நான் சொல்ற மாதிரி.”

பேர்ல் வாரியை எடுத்தாள். குனிந்தபடியே, “காலை வணக்கம், டீபெனே” என்றாள். மதியம் தாண்டி நேரமாகியிருந்தது.

நான் ஒரு வாரியோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன். மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். “அங்கிள், பூவு பறந்தது உங்களுக்குத் தெரியாது. ரெண்டு நம்பரும் ஒண்ணுன்னும் தெரியாது. ஊரே ஒரு பக்கம் நின்னுச்சு, கணக்கும் அவங்க பக்கம் நின்ன மாதிரிதான் இருந்துச்சு. எந்தத் தைரியத்துல கையெழுத்துப் போடமாட்டேன்னீங்க?”

டீபெனே திருகைத் தடவி முள்ளை இருநூற்றைம்பதில் நிறுத்தினார்.

“என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுடா. நான் பண்ணலைன்னு தெரியும். அது போதாதா?” என்றார். “நின்னு வாயைப் பார்க்காதே. வாரு.”